பதினொரு வீட்டு எண்ணெய்

பாட்டிலைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, லேசாகச் சாய்த்து, அடியில் இருக்கும் கசடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கிறார். பிறகு மூடியைத் திருகித் திறந்து மூக்கருகே கொண்டுபோகிறார்.

"மூணு தடவை" என்கிறார்.

எதிரே நிற்கும் மூன்றாம் மாடிப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கதவில் சாய்ந்தபடி சிரிக்கிறாள். "ரெண்டு தடவைதான் அக்கா."

"மூணு. மீன் பொரிச்சிருக்கீங்க, அப்புறம் உருளைக்கிழங்கு, அப்புறம் மறுபடியும் மீன். கடைசி மீன் கருகிடுச்சு."

அந்தப் பெண் உள்ளே திரும்பி, "என்னங்க, நீங்க கருக்கினது ஊருக்கே தெரிஞ்சு போச்சு" என்று குரல் கொடுக்கிறாள். "நான் கருக்கலை, அடுப்பு கருக்கிடுச்சு" என்று உள்ளிருந்து பதில் வருகிறது. அக்கா புனலைக் கேனின் வாயில் செருகிப் பாட்டிலைக் கவிழ்க்கிறார். எண்ணெய் இறங்கி முடிந்த பிறகும் பாட்டிலைத் தலைகீழாகவே பிடித்திருக்கிறார். கடைசிச் சொட்டு விழ ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் அடுப்பு பழுதானதும், மாமியார் அடுத்த வாரம் வருவதும், வந்தால் எங்கே படுக்க வைப்பது என்பதும் பேசப்பட்டுவிடும். சொட்டு விழுந்ததும் பேச்சு முடிந்தது. "சரி, அடுத்த சனிக்கிழமை." கேனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வாசலுக்கு நகர்கிறார்.

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். தரைத்தளத்தில் பின்பக்கமாக இருப்பது அவருடையது. மிச்சம் பதினொன்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் மாடியில் தொடங்குவார். கேன் கனக்கக் கனக்கப் படி இறங்குவதாக இருக்க வேண்டும், ஏறுவதாக இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட திட்டம். ஒன்பது வருடமாக நடக்கிற சுற்று இது. அவர் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. கையில் எப்போதும் அந்த அலுமினியப் புனல் இருப்பதால் புனலக்கா. அவரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நான் "ரெண்டாம் மாடி வலது". புதுப்பெண் "மூணாம் மாடி இடது". முதல் முறை கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றிருந்தது. பிறகுதான் காரணம் தெரிந்தது.

இருபத்தொன்பது வருடம் அவர் தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்தில் பாட்டில் கழுவியவர். ஆற்றிலும் கிணற்றிலும் குழாயிலும் பிடித்த தண்ணீர், பாட்டில்களில் வரும். பாட்டில் மேல் ஒட்டிய சீட்டில் ஆள் பெயர் இருக்காது. பாலத்துக்குக் கிழக்கு, பள்ளிக்கூடம் பின்புறம் என்று இடம்தான் இருக்கும். மற்றவர்கள் தண்ணீரைப் பரிசோதிப்பார்கள். இவர் காலி பாட்டிலைக் கழுவி அடுத்த நாளைக்குத் தயாராக வைப்பார். "நான் ஒரு நாளும் டெஸ்ட் பண்ணதில்லை. ஆனா கழுவும்போதே எனக்குத் தெரிஞ்சிடும். மண்ணு ஒரு கழுவுல போயிடும். பாசி ரெண்டு கழுவு. எண்ணெய் இருக்கே, அது போகாது. போன மாதிரி நடிக்கும்." அவருக்கு அறுபத்திரண்டு வயது. வேலையை விட்டு நாலு வருடம் ஆகியும் விரல் நுனிகள் இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தவை மாதிரி வெளிறிச் சுருங்கியிருக்கும்.

எங்கள் கட்டடம் பழையது. பெரிய கழிவுக் குழாய் இந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் கட்டியது. அதனால் எங்கள் பன்னிரண்டு சமையலறைத் தொட்டிகளின் தண்ணீரும் பின்பக்கம் ஒரு திறந்த வாய்க்காலில் விழுந்து, நாற்பதடி தள்ளி ஓடையில் கலக்கிறது. குடிவந்தபோது இது எங்களில் யாருக்கும் தெரியாது. தொட்டியின் ஓட்டைக்குள் போனது மறைந்தது என்றே நினைத்திருந்தோம். அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவருடைய சமையலறைச் சன்னல் ஓடையைப் பார்த்து இருக்கிறது. காலையில் டீயை வைத்துக்கொண்டு அங்கே நிற்பார். அங்கே அவர் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை. தண்ணீர் மேல் நீளக் கால்களோடு நடக்கும் பூச்சிகளை. "எண்ணெய் விழுந்தாலும் சோப்பு விழுந்தாலும் அதுங்களால நிக்க முடியாது. முழுகிடும். பூச்சி நடக்குதுன்னா தண்ணி நல்லா இருக்குன்னு அர்த்தம். இதுக்கு மெஷின் எதுக்கு?"

அவர் வீட்டுக்குள் நான் போனது மூன்று நான்கு முறைதான் இருக்கும். இரண்டு நாற்காலி, அதில் ஒன்று மேல் எப்போதும் பழைய செய்தித்தாள் அடுக்கியிருக்கும். வாணலியைக் கழுவுவதற்கு முன்னால் அந்தத் தாளால் மூன்று முறை துடைப்பார்: முதலில் சுற்றி, பிறகு நடுவில், பிறகு மறுபடி சுற்றி. தாள் குப்பைக்கு. அதன் பிறகுதான் தண்ணீர். சோப்புத்தூள் டப்பாவுக்குள் கம்பெனி கொடுத்த கரண்டி இல்லை; அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு தேக்கரண்டி வைத்திருக்கிறார். "அவன் கரண்டியைப் பெருசா செய்வான். விக்கணும்ல." தொட்டியின் ஓட்டை மேல் ஒரு சல்லடைத் தட்டு. அதில் தங்கும் பருக்கைகளைத் தட்டித் தட்டி எடுத்துத் தொட்டிச் செடிக்குப் போடுவார். இரண்டாவது நாற்காலியில் அவருடைய தங்கை உட்காருவது வழக்கமாக இருந்தது. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருபது வருடம் அந்த வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். தங்கை தன் நாற்பத்தாறாவது வயதில், மனைவியை இழந்த ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். "நல்ல மனுஷன். ஹாரன் அடிக்க மாட்டான்" என்று அக்கா ஒரே வரியில் அந்தக் கல்யாணத்தைச் சொல்லி முடித்துவிட்டார். சுற்று தொடங்கியது அதற்கு அடுத்த மாதம். இந்தத் தேதிக் கணக்கை நான்தான் போட்டேன். அவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னதே இல்லை.

முதலில் எல்லோரும் சிரித்தோம். பழைய எண்ணெயைக் கேட்டு வருகிறார், விற்கிறார் போலிருக்கிறது என்று முதல் மாடியில் பேசிக்கொண்டார்கள். அவர் சேர்த்து வைப்பதை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சோப்புத் தொழிற்சாலை வண்டி வந்து எடுத்துப்போகும்; பதிலுக்கு ஐந்தாறு துணிசோப்புக் கட்டிகள் தரும். அதை வீட்டுக்கு அரைக்கட்டி வீதம் கத்தியால் அறுத்துக் கொடுப்பார். முழுசாகக் கொடுத்தால் நாங்கள் முழுசாகக் கரைத்துவிடுவோமாம். "நுரை வந்தா அழுக்கு போச்சுன்னு நினைக்கிறீங்க. நுரை உங்க மனசுக்கு. துணிக்கு இல்லை."

எங்கள் பழக்கங்கள் ஒவ்வொன்றாக மாறியது இப்படித்தான், யாரும் பிரசங்கம் செய்து அல்ல. வாசலில் நின்று கடைசிச் சொட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர் கண் உள்ளே போகும். முதல் மாடியில் ஒரு பெயின்டர் இருக்கிறார். வேலை முடிந்து வந்து பிரஷ்களை வாசலில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர். அக்கா அவருக்கு மூன்று காலி டப்பாக்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். முதல் டப்பாவில் ஒரு முக்கு, இரண்டாவதில் ஒரு முக்கு, மூன்றாவதில் ஒரு முக்கு. அடியில் வண்டல் தங்கியதும் தெளிந்த தண்ணீரை அடுத்த நாள் பிரஷுக்கே வைத்துக்கொள்ள வேண்டும். வண்டல் காய்ந்து கட்டியானதும் குப்பைக்கு. "அக்கா, என் பொண்டாட்டி சொல்றா, உங்க பிரஷ் உங்களைவிட நல்லா குளிக்குதுன்னு." "சரியாத்தான் சொல்றா. நீங்களும் ஒரு டப்பா கூட வெச்சுக்கோங்க." இரண்டாம் மாடி இடது வீட்டு வேன் டிரைவர், சிமென்ட் தரையில் வேனை நிறுத்திக் கழுவுவதை விட்டு மண்தரைக்கு மாற்றினார். அதற்கு ஆறு மாதம் ஆயிற்று. "சேறாகுது அக்கா." "ஆகட்டும். சேறு மண்ணுக்குள்ள இருக்கும். சிமென்ட்ல விட்டா நேரா ஓடைக்குப் போகும். உங்க வேன் அழுக்கை அந்தப் பூச்சி எதுக்குச் சுமக்கணும்?"

மூன்றாம் மாடி நடுவீட்டில் ஒரு கடிகாரம் பழுது பார்ப்பவர் தனியாக இருக்கிறார். அவர் மனைவி இறந்த மூன்றாவது வாரம், அக்கா வழக்கம்போல மணியடித்தார். கடிகாரக்காரர் கையில் ஒரு மருந்து பாட்டில். மிச்சமிருந்த மருந்துகளையெல்லாம் கழிவறையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்று ஊற்றியாகிவிட்டது, இன்னும் ஒரு பெட்டி நிறைய இருந்தது. அன்று அக்கா கேனை வாசலிலேயே வைத்துவிட்டு முதல் முறையாக ஒரு வீட்டுக்குள் போனார். டீ வடிகட்டிய சக்கையை ஒரு டப்பாவில் போட்டு, மாத்திரைகளை ஒவ்வொன்றாக அட்டையிலிருந்து பிதுக்கி அதில் கலந்து, மருந்தையும் அதிலேயே ஊற்றிப் பிசைந்து, பையில் இறுக்கிக் கட்டினார்கள். "தூக்கிப் போட்டா யாராவது எடுத்துத் தின்னுடுவாங்க. தண்ணில ஊத்தினா மீன் தின்னும். இப்படிப் பண்ணா ஒருத்தரும் தொட மாட்டாங்க." இரண்டு மணிநேரம் ஆயிற்று. எந்த மாத்திரை எந்த மாதம் தொடங்கியது, எதைச் சாப்பிட்டால் அவளுக்குக் குமட்டும், எதை முழுங்கினதாகச் சொல்லித் தலையணைக்குள் ஒளித்து வைத்தாள் என்று கடிகாரக்காரர் சொல்லிக்கொண்டே பிதுக்கினார். நாங்கள் பத்து வீடும் அன்று எண்ணெய் பாட்டிலோடு காத்திருந்தோம். அன்று முதல் கடிகாரக்காரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு ஸ்பூன் எண்ணெயாவது பாட்டிலில் வைத்திருப்பார். சமைப்பதே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "நடு வீட்டு எண்ணெய் புதுசு. அடுப்புல ஏறவே இல்லை" என்று அக்கா என்னிடம் ஒருநாள் சொன்னார். "வீணா ஊத்தாதீங்கன்னு சொல்லலையா?" என்றேன். புனலின் வாயை விரலால் வழித்துவிட்டுக் கிளம்பினார். எண்ணெயை வீணாக்குவதைக் கண்டால் பேசாமல் இருக்கத் தெரியாத மனுஷி.

அந்தச் சுற்றுக்கு முடிவு வந்தது இந்த வருடம். அதைக் கொண்டுவந்தவரும் அவரேதான்.

ஐந்து வருடத்துக்கு முன்பே நகரசபைக்கு எழுதத் தொடங்கிவிட்டார். எங்கள் தெருவில் இதுபோல ஆறு கட்டடங்கள் இருக்கின்றன. பின்பக்க வாய்க்கால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மற்ற ஐந்து கட்டடங்களின் எண்ணெயைத் தன்னால் தூக்க முடியாது, ஆகவே தெருவுக்குப் பொதுவாக ஒரு பழைய எண்ணெய் பீப்பாய் வைத்து மாதம் ஒரு முறை வண்டி அனுப்பி எடுத்துப்போக வேண்டும் என்பது விண்ணப்பம். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் ஏழு கடிதங்கள். ஏழாவதில், "இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை" என்று நான் சேர்த்த வரியை அடிக்கச் சொன்னார். "தெரியாம என்ன. இதே மாதிரிதான் கேக்கணும்."

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவர் என் வாசலில் நின்றார். சனிக்கிழமை இல்லாத ஒரு நாளில் அவரை என் வாசலில் பார்த்தது அதுதான் முதல் முறை. கையில் கேன் இல்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. பீப்பாய் தர்றாங்களாம்."

"அப்படியா, கடைசியில கிடைச்சிடுச்சே. சந்தோஷம்தானே அக்கா?"

"சந்தோஷம்தான். ஏன் கேக்குறீங்க?" என்றார். கைகளைக் கட்டிக்கொண்டு, "இடம் காட்டணுமாம். நான்தான் காட்டணுமாம். இடம் சொன்ன மறு வாரமே கொண்டுவந்து இறக்கிடுவாங்களாம்" என்றார்.

"காட்டிட வேண்டியதுதானே?"

"காட்டணும். பாத்துத்தானே சொல்லணும்."

பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. சனிக்கிழமை பத்து மணிக்குச் சுற்று நடந்தது. பீப்பாய் விஷயத்தை என்னைத் தவிர யாரிடமும் அவர் சொல்லவில்லை. கடைசிச் சொட்டுக்கு முன்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பாட்டிலைப் பிடித்திருப்பதாக எனக்குப் பட்டது. அவருடைய தங்கை போனில், "என்ன அக்கா, ஆபீஸ்காரங்களை அஞ்சு வருஷம் விரட்டினே. இப்ப அவங்க விரட்டுறாங்க, நீ ஓடுறே" என்று கேலி செய்தாளாம். அதை அவரே என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் குளியலறையில் வழுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. அந்தச் சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை.

பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒருவர்கூடக் கீழே போகவில்லை. எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கால் வீங்கியது தெரிந்ததும் வேன் டிரைவரின் மனைவி பால் வாங்கிக் கொடுத்தாள், பெயின்டர் மருந்துக் கடைக்குப் போய்வந்தார். ஆனால் எண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தொடக்கத்தில் ஓரிருவர் கொண்டுபோயிருக்கிறார்கள். அப்போதே அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நீங்க யாரும் அலைய வேண்டாம். நானே வர்றேன். அதுதான் சரி." அப்படியே பழகிவிட்டோம். எண்ணெய் என்றால் அது வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ளப்படுவது. வாங்க ஆள் வரவில்லை, பாட்டில் நிறைந்துவிட்டது, வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், நிறையப் பொரித்தாகிவிட்டது என்றால் என்ன செய்வது? செய்ததை எழுதிவிடுகிறேன். தொட்டியில் ஊற்றினேன். மேலே கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டேன், அதனால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் நாலைந்து வீடுகள் அதே வாரம் அதையேதான் செய்தன என்று பிற்பாடு தெரிந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். காலைத் தூக்கிச் செய்தித்தாள் அடுக்கின் மேல் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே பார்க்கும்படி தலையை மட்டும் ஆட்டினார். ஓடையின் திருப்பத்தில் தண்ணீர் மேல் ஒரு படலம். வெயில் பட்ட இடத்தில் ஊதாவும் பச்சையுமாகப் பார்க்க அழகாகவே இருந்தது. பூச்சி ஒன்றுகூட இல்லை.

"ரெண்டாம் மாடி வலது, உங்க பாட்டில் நிறைஞ்சிருக்குமே?"

"ஊத்திட்டேன் அக்கா."

"எங்க?"

"தொட்டியில. வெந்நீர் விட்டுத்தான்."

"வெந்நீர் அந்தத் திருப்பம் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கு. அங்க குளிர்ந்து நின்னுடுச்சு" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் வெளிறிய விரல்களால் சன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "உங்க மேல தப்பில்லை. வராதீங்க, வராதீங்கன்னு சொல்லி வெச்சது நான்தான். எண்ணெயைக் கீழ கொண்டு வர்றதுக்கு உங்களைப் பழக்கியிருக்கணும். நான் மேல வர்றதுக்கு உங்களைப் பழக்கிட்டேன்." பிறகு போனை எடுத்துத் தரச் சொன்னார். எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். "இடம் பாத்தாச்சுங்க. நாளைக்கு வாங்க" என்று சொன்னார்.

வந்த மேற்பார்வையாளர் ஓய்வு பெற ஆறே மாதம் இருப்பவர், நடந்தால் மூச்சு வாங்குகிறவர். அளவுநாடாவோடு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேராக அக்காவின் வாசலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல நிழல். பக்கத்திலேயே சுவர். "இங்கேயே வெச்சிடலாமேம்மா. வெயில் படாது, மழை படாது. உங்க வாசல், நீங்களே ஒரு கண்ணு பாத்துப்பீங்க. எல்லாரும் இங்க வந்து ஊத்திட்டுப் போகட்டும். உங்களுக்கும் பொழுது போகும்."

கடைசி வாக்கியத்தை அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். அக்கா தன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு கட்டடத்து ஆட்கள் பாட்டிலோடு அந்த வாசலுக்கு வருவதை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அவர் கால் வலியால் நிற்பதாகத்தான் தோன்றியது. பிறகு நொண்டிக்கொண்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். மேற்பார்வையாளர் குடிக்கக் கை நீட்டினார். அக்கா அதைத் தரையில் கவிழ்த்தார். தண்ணீர் ஒரு நொடிகூட நிற்காமல் சரிவில் ஓடி வாய்க்காலில் விழுந்தது.

"பாத்தீங்களா? பீப்பாய் ஒரு நாள் சாயும். யாராவது சிந்துவாங்க. இங்க சிந்தினா அங்க போகும்."

"அப்ப எங்க வைக்கணும்ங்கிறீங்க?"

இன்னொரு சொம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்தார். கட்டடத்தின் முன்பக்கம் வரை, வெளிவாசல் கேட் வரை, அந்தக் காலோடு. அவர் வீட்டிலிருந்து அந்த இடத்தைப் பார்க்கவே முடியாது. கேட்டுக்கு உள்பக்கம் மேடான மண்தரை. அங்கே ஊற்றினார். மண் குடித்துவிட்டது.

"இங்க."

"வெயில் அடிக்குமே, மழையில நனையுமே."

"மூடி இருக்குல்ல. நனையட்டும். சுத்தி ஒரு சாண் உயரத்துக்கு மணல் போட்டு வரம்பு கட்டிடுங்க. தெருவுல போற மத்த வீட்டுக்காரங்களுக்கும் இதுதான் பக்கம்."

"உங்க வீட்டுக்கு ரொம்ப தூரமாயிடுமேம்மா."

"எனக்கு என்னங்க, ஒரு ஆளு எண்ணெய். மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்."

அடுத்த வார வியாழக்கிழமை பீப்பாய் வந்தது. பச்சை நிறம், திருகுமூடி, மேலே ஒரு வலை. சுற்றிலும் மணல் வரம்பு அவர் சொன்ன உயரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர் பதினொரு வீட்டுக்கும் படியேறி விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். எந்த வாசலிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. ஆறவெச்சு ஊத்துங்க, பருக்கையை வடிகட்டிட்டு ஊத்துங்க, தண்ணி கலக்காதீங்க, மூடியை முழுசாத் திருகுங்க. கடிகாரக்காரர் வீட்டில் மட்டும் கூடுதலாக ஏதோ சொன்னார். அவருக்கு முழங்கால் வலி, கீழே இறங்குவதில்லை. அவருடைய பாட்டிலை வேன் டிரைவர் போகும்போது எடுத்துப்போவதாக ஏற்பாடு. "அவர்கிட்ட எண்ணெயே இருக்காது அக்கா" என்று வேன் டிரைவர் சொன்னதற்கு, "இருக்காட்டியும் கதவைத் தட்டிக் கேளுங்க. தட்டினப்புறம் ஒரு நிமிஷம் நில்லுங்க, அவசரப்படாதீங்க" என்றார்.

உண்மையில் வசதியாகத்தான் இருக்கிறது. ஆளுக்கு ஆள் அவரவர் நேரத்தில் ஊற்றுகிறோம். புதுப்பெண் வேலைக்குப் போகிற வழியில் ஊற்றிவிட்டுப் போகிறாள். பெயின்டரின் மனைவி வெறுங்காலோடு ஓடி ஊற்றிவிட்டு ஓடிவருகிறாள். பக்கத்துக் கட்டடத்தில் இருந்துகூட வருகிறார்கள். பத்து நாளில் கால் பீப்பாய் நிறைந்துவிட்டது. அவர் ஒன்பது வருடம் தூக்கியதில் இரண்டு மாதக் கணக்கு அது. "அக்காவுக்கு இனிமே ரெஸ்ட்" என்று வேன் டிரைவர் கேட் அருகில் நின்று சொன்னார். "ஆமா. ரெஸ்ட்" என்றார் அக்கா. ஓடையில் படலம் போய்விட்டது என்றும், பூச்சி இரண்டு தெரிந்தது என்றும் அன்று என்னிடம் சொன்னார். மூன்றாவது இருந்த மாதிரி இருந்தது, ஆனால் அது நிழலாகக்கூட இருக்கலாம் என்றார்.

போன சனிக்கிழமை காலை நான் வீட்டில் இருந்தேன். பத்து மணி சுமாருக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம். ஒரு காலை லேசாக இழுத்து வைக்கும் நடை. மேலே மூன்றாம் மாடியில் ஒரு வாசலில் நின்றது, பிறகு அடுத்ததில், பிறகு அடுத்ததில். மணி எங்கும் அடிக்கவில்லை. பேச்சுக் குரலும் இல்லை. பிறகு எங்கள் மாடிக்கு இறங்கியது. என் கதவுக்கு வெளியே வந்து நின்றது. எழுந்து போய்க் கதவின் கண்ணாடித் துளையில் பார்த்தேன்.

கையில் கேன் இல்லை, புனல் இல்லை. ஒரு பழந்துணி மட்டும் இருந்தது. கதவை ஒட்டிய பக்கச் சுவரில் இருக்கும் மணி சுவிட்சின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக எண்ணெய் விரலால் அழுத்தி அழுத்தி அந்த வெள்ளைச் சுவிட்சில் ஒரு விரல் அளவுக்கு மஞ்சளாகக் கறை ஏறியிருந்தது. தினமும் அதைக் கடந்துபோகிற எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. மணி அடித்துவிடாதபடி சுவிட்சின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, துணியால் மெதுவாகத் துடைத்தார். முதலில் சுற்றி, பிறகு நடுவில், பிறகு மறுபடி சுற்றி. தலையைப் பின்னால் எடுத்துப் பார்த்தார். ஒரு மூலையில் இன்னும் கொஞ்சம் இருந்தது போலிருக்கிறது. துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அதையும் எடுத்துவிட்டு, அடுத்த வாசலுக்குப் போனார்.